யாரால் என்று சொல்லாத அறிக்கை

அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில், ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மேல் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே முதல்வரும் செயலரும் கல்லூரியின் வழக்கறிஞரும் இருந்தார்கள். இரண்டாமாண்டு மாணவி ஒருவர் தன் துறைப் பேராசிரியர்மீது பாலியல் சீண்டல் புகார் கொடுத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அன்று பிற்பகல் அவருடைய வகுப்புத் தோழிகள் வகுப்புக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

“மேடம், உங்க தமிழ் நல்லா இருக்கும். பத்திரிகைக்கு ஒரு அஞ்சு வரி எழுதிக் குடுங்க. காலேஜ் பேரு கெட்டுடக் கூடாது” என்றார் முதல்வர்.

எழுதிக் கொடுத்தேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து வரிகள் இவை:

“எங்கள் கல்லூரி கடந்த பல ஆண்டுகளாகப் பெண்கல்விக்குத் தொண்டாற்றி வருகிறது. கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் நோக்கில் சிலர் வதந்திகளைப் பரப்பி வருகின்றனர். நடந்ததாகக் கூறப்படும் சம்பவம் குறித்து உரிய விசாரணை மேற்கொள்ளப்பட்டு வருகிறது. தவறு நிரூபிக்கப்பட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். மாணவிகளும் பெற்றோரும் வதந்திகளை நம்ப வேண்டாம்.”

மறுநாள் எல்லா நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்திலும் அது வந்தது. செயலர் கைகுலுக்கிப் பாராட்டினார். இரண்டு வாரம் கழித்து, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்த அந்த மாணவியை நூலக வாசலில் பார்த்தேன். அம்மா கூட நின்றிருந்தார். அந்தப் பெண் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “பேப்பர்ல வந்தத எழுதுனது நீங்களா மேடம்?” நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

இலக்கணம் நடத்திப் பிழைக்கிறவள் நான். என் ஐந்து வரிகளை ஒரு வகுப்புப் பாடம்போல் பிரித்துப் பார்க்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. முதல் வாக்கியத்தில் செய்கிறவர் கல்லூரி. அது தொண்டு செய்கிறது. இரண்டாம் வாக்கியத்தில் செய்கிறவர் ‘சிலர்’. அவர்கள் வதந்தி பரப்புகிறார்கள். இவை இரண்டும் செய்வினை. மூன்றாவதும் நான்காவதும் செயப்பாட்டுவினை: மேற்கொள்ளப்படுகிறது, எடுக்கப்படும். யாரால் என்று இல்லை. நம் மொழியில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் வினையின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். செயப்பாட்டுவினை அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆக, நான் எழுதிய அறிக்கையில் கெட்ட காரியம் செய்தவர்கள் என்று ஒரே ஒரு தரப்புதான் இருந்தது. அது, வாய் திறந்த அந்தப் பெண்ணும் அவருக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்த தோழிகளும். புகாருக்கு ஆளானவர் எந்த வாக்கியத்திலும் இல்லை.

இது என் கைத்திறன் மட்டுமில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பல்கலைக்கழகங்கள் நெருக்கடியில் பேசும் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட பகுதி அமெரிக்காவில் இருக்கிறது. காரணம், அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நம்முடையவற்றைவிட யோக்கியமானவை என்பதில்லை. வழக்குகளும் விசாரணைகளும் அங்கே கோப்புகளைத் திறக்க வைத்தன.

1986 ஏப்ரல் 5 அன்று, பென்சில்வேனியாவிலுள்ள லீஹாய் பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். செய்தவன் அதே பல்கலைக்கழக மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகள் திறந்தபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அந்த வழியாக வந்திருக்கிறான். பெற்றோர் கான்னியும் ஹோவர்டும் மகளைப் புதைத்த பிறகு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்குற்றங்கள் நடந்திருந்தன. பிள்ளையைச் சேர்க்க வந்த எந்தப் பெற்றோருக்கும் அது சொல்லப்படவில்லை.

வழக்கில் கிடைத்த பணத்தைக்கொண்டு அவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மாநிலச் சட்டம் வந்தது. 1990இல் அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் வந்தது. 1998இல் அதற்கு ஜீன் கிளெரியின் பெயர் சூட்டப்பட்டது. அதன்படி அரசு நிதியுதவி பெறும் கல்லூரிகள் வளாகக் குற்றங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆபத்து தொடரும் நிலையில் மாணவர்களை உடனே எச்சரிக்க வேண்டும். கல்லூரி தன்னைப் பற்றி எதைச் சொல்ல வேண்டும் என்பதை முதன்முறையாக அங்கே சட்டம் தீர்மானித்தது. அதற்கு முன்பு அதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது சேர்க்கைக் கையேடு.

சட்டம் வந்ததால் பழக்கம் மாறிவிடவில்லை. 2011 நவம்பரில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர் ஜெர்ரி சண்டஸ்கி பல ஆண்டுகளாகச் சிறுவர்களைச் சீரழித்த வழக்கு வெளியே வந்தது. 2001இலேயே ஓர் உதவிப் பயிற்சியாளர் நேரில் பார்த்து மேலிடத்தில் சொல்லியிருந்தார். குற்றச்சாட்டு வெளியான அன்று பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் ஓர் அறிக்கை விட்டார். குழந்தைகளைப் பற்றி ஓரிரு வரி இருந்தது. மற்றபடி, வழக்கில் சேர்க்கப்பட்ட தன் அதிகாரிகள் இருவருக்கும் நிபந்தனையற்ற ஆதரவும் நற்சான்றிதழும்தான். சில நாட்களிலேயே அவர் பதவி போனது. ஆட்சிக்குழுவே நியமித்த விசாரணையின் அறிக்கை 2012 ஜூலையில் வந்தது. கெட்ட பெயர் வந்துவிடும் என்று அஞ்சியே உயர்மட்டத்தில் இருந்தவர்கள் உண்மையை மறைத்தார்கள் என்று அது எழுதியது. ஸ்பேனியரும் அந்த அதிகாரிகள் இருவரும் பின்னாளில் குழந்தைகளின் பாதுகாப்பைக் கைவிட்ட குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள். பெயரைக் காப்பது என்பது அலுவலகப் பழக்கம் என்ற நிலையைத் தாண்டி, ஒரு குற்றத்தின் காரணமாகவே பதிவானது.

என்னை அதிகம் உலுக்கியது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை. லாரி நாசர் அங்கே மருத்துவர். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கும் அவரே மருத்துவர். சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிறுமிகளிடமும் பெண்களிடமும் பாலியல் வன்முறை செய்தவர்.

2014இல் ஒரு பெண், அப்போதுதான் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழகத்தில் முறையாகப் புகார் கொடுத்தார். விசாரணை நடந்தது. கருத்துக் கேட்கப்பட்ட நான்கு வல்லுநர்களும் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். நடந்தது சிகிச்சைதான் என்று முடிவு எழுதினார்கள். அந்த முடிவறிக்கைக்கு இரண்டு வடிவங்கள் இருந்தது பிறகு தெரியவந்தது. புகார் கொடுத்த பெண்ணுக்குக் கிடைத்தது ஒன்று. நிர்வாகத்துக்குப் போனது இன்னொன்று. இந்த மருத்துவரின் நடைமுறை நோயாளிகளுக்குத் தேவையற்ற மனக்காயத்தை உண்டாக்கும், நிறுவனத்தை வழக்குக்கு ஆளாக்கும் என்ற எச்சரிக்கை இரண்டாவதில் மட்டும் இருந்தது. சுவடிப் பதிப்பில் பாடபேதம் தேடப் பழகியவள் நான். ஏட்டை எழுதியவரின் கை வழுக்கியதால் வரும் பேதம் ஒன்று. யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே உண்டாக்கும் பேதம் வேறு. நாசர் வேலைக்குத் திரும்பினார். மேலும் இரண்டு ஆண்டுகள் பெண்கள் அவரிடம் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

2016 செப்டம்பரில் ரேச்சல் டென்ஹாலண்டர் தன் பெயரோடு ஒரு நாளிதழில் பேசினார். அதன்பின் புகார்கள் குவிந்தன. 2018 ஜனவரியில் நீதிபதி ரோஸ்மேரி அக்விலினாவின் நீதிமன்றத்தில், ஏழு நாட்கள், 156 வாக்குமூலங்கள் கேட்கப்பட்டன. ஜனவரி 24 அன்று நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்றிரவே பல்கலைக்கழகத் தலைவர் லூ அனா சைமன் விலகினார். துயரங்கள் அரசியலாக்கப்படும்போது பழி வந்து சேர்வது தவிர்க்க முடியாதது என்று அவரது விலகல் கடிதம் சொன்னது. அவர் ஒரு பெண். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் தலைவர். என் ஐந்து வரிகளை எழுதியதும் ஒரு பெண்தான் என்பதால் இதை இங்கே குறித்துவைக்கிறேன். நாற்காலியின் மொழி, அதில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதே ஜனவரியில் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தை வேலைக்கு வைத்திருந்தது. அந்த ஒரு மாதத்துக்கான கட்டணம் 5 லட்சம் டாலருக்கும் மேல்; 1,440 மணி நேர வேலைக்கான கணக்கு. பெரும்பகுதி, நாசர் விவகாரம் பற்றிச் சமூக ஊடகங்களில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று கவனித்துத் தொகுப்பது. கவனிக்கப்பட்டவர்களில் பத்திரிகையாளர்களோடு பாதிக்கப்பட்ட பெண்களும் இருந்தார்கள். நீதிமன்றத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க ஆள் வைத்து மணிக்கணக்கில் கூலி கொடுக்கப்பட்டது. புகார் சொன்னபோது கேட்க ஆளில்லாத இடத்தில் இது நடந்தது.

இடைக்காலத் தலைவராக வந்த ஜான் எங்லர், மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். பாதிக்கப்பட்டவர்களில் சிலர் தங்கள்மீது விழும் வெளிச்சத்தை ரசிக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு நாளிதழின் ஆசிரியர் குழுவிடம் பேசினார். எதிர்ப்பு கிளம்பி 2019 ஜனவரியில் அவரும் விலகினார். இதற்கிடையே 2018 மே மாதத்தில் பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. 2019 செப்டம்பரில், ஜீன் கிளெரியின் பெயர் தாங்கிய அந்தச் சட்டத்தை மீறியதற்காக 45 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளை இழந்த ஒரு தாயும் தந்தையும் எழுதவைத்த சட்டம், அவர்கள் பார்த்தே இராத பெண்களுக்காகப் பேசியது.

வழக்கறிஞர் ரகசியம் என்று சொல்லி 6,000க்கும் மேற்பட்ட ஆவணங்களை அந்தப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் கொடுக்க மறுத்துவந்தது. 2023 டிசம்பரில்தான் கொடுக்கலாம் என்று ஆட்சிக்குழு வாக்களித்தது. படித்துப் பார்த்த மாநிலத் தலைமை வழக்கறிஞர், புதிதாகச் சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை என்று 2024இல் விசாரணையை முடித்தார். ஒன்றும் இல்லாத பெட்டியைப் பூட்டி வைத்து, உள்ளே என்னவோ இருக்கிறது என்று அந்தப் பெண்களை இத்தனை காலம் நினைக்க வைத்திருக்கிறார்கள்.

அதே வளாகத்தில் வேறொன்றும் நடந்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்காக மரங்களில் நீலப்பச்சை ரிப்பன்கள் கட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் சேகரித்தது. 2019 ஏப்ரலில், அந்தப் பெண்களையும் பெற்றோரையும் உடன் வைத்து, என்ன காட்டலாம், எப்படிக் காட்டலாம் என்று கேட்டு, ஒரு கண்காட்சி திறந்தது. பல்கலைக்கழகம் செய்தவையும் செய்யத் தவறியவையும் அதன் சுவரிலேயே எழுதப்பட்டன. அந்த நிறுவனத்தின் அறிக்கைகளுக்கு நடுவே நான் உண்மையான ‘மக்கள் தொடர்பு’ என்று கருதுவது அதைத்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் சட்டம் நிறுவனங்களின் மனசாட்சியிலிருந்து பிறக்கவில்லை. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்முறைக்கு ஆளானார். பெண்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. 2013இல் சட்டம் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் அதன்பின் வந்தன.

அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவை நம் நிர்வாகங்கள் மனப்பாடமாகச் சொல்லும். புகார் கொடுத்தவரின் பெயர், அடையாளம், விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது. சரி. அன்று எங்கள் வழக்கறிஞரும் இதைத்தான் சொன்னார். ஆனால் அதே பிரிவின் பின்பாதியைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. அடையாளத்தைக் காட்டாமல், கிடைத்த நீதியைப் பற்றிச் சொல்லலாம் என்று அது அனுமதிக்கிறது. 22ஆம் பிரிவு, எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று ஆண்டறிக்கையில் சொல்லச் சொல்கிறது. ஆக, ரகசியம் அந்தப் பெண்ணுக்கான பாதுகாப்பு. நிர்வாகம் பதுங்குவதற்கான திரை இல்லை.

இந்தப் பாதுகாப்பு தலைகீழாவதையும் பார்த்தோம். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி வன்முறைக்கு ஆளானார். அவர் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை அடையாள விவரங்களோடு வெளியே வந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. அந்த முதல் தகவல் அறிக்கையின் மொழியே பெண்ணைக் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு விரைவாக முடிந்தது நல்லது. ஆனால் வெளியே போன அவருடைய விவரங்களை எந்தத் தீர்ப்பாலும் திரும்பப் பெற முடியாது. மறைக்க வேண்டியது எது, சொல்ல வேண்டியது எது என்பதில் நம் நிறுவனங்கள் இன்னும் தடுமாறுகின்றன.

என் முதல்வரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். “பேரு கெட்டா கிராமத்துலேர்ந்து பொண்ணுங்கள அனுப்ப மாட்டாங்க மேடம். படிப்பு நின்னுடும்.” அது பொய்யில்லை. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பெண்களுக்கு ஒரு வதந்தி போதும், அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அந்தப் பயத்தை நானும் நம்பித்தான் எழுதினேன். ஆனால் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. அந்தப் பெண்ணின் படிப்பு அங்கே நின்றது. அவரோடு அதே ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த இன்னும் இருவர் அடுத்த பருவத்தில் வரவில்லை. பெற்றோர் பயந்தது புகாரைக் கண்டு இல்லை. புகார் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று எங்கள் அறிக்கை காட்டிக்கொடுத்ததைக் கண்டு. லீஹாயில் ஜீனின் பெற்றோர் கேட்டதும் ஒன்றுதான்: எங்களுக்குச் சொல்லியிருந்தால்?

குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கமும் கேட்கப்பட வேண்டாமா என்று மாணவிகளே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டும். அறிக்கை தீர்ப்பாகிவிடக் கூடாது. ஆனால் புகார் வந்திருக்கிறது என்று சொல்வது தீர்ப்பாகாது. விசாரணை முடியும்வரை அவர் வகுப்பெடுக்க மாட்டார் என்பதும் தீர்ப்பாகாது. வதந்தி என்று சொல்வதுதான் தீர்ப்பு. விசாரணை தொடங்கும் முன்பே அந்தத் தீர்ப்பை நான் எழுதிவிட்டேன்.

இப்போது வேறொரு கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கிறேன். எங்கள் குழு நிர்வாகத்திடம் சண்டை போட்டுச் சில வழக்கங்களை வாங்கியிருக்கிறது. அறிக்கையைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் புகார் கொடுத்தவர் படித்துப் பார்க்க வேண்டும். அவருக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே அறிக்கைதான் போக வேண்டும். நிறுவனத்தின் தொண்டு, பெருமை, விருது எதுவும் அதில் வரக் கூடாது. யார் செய்வார்கள், எந்தத் தேதிக்குள் செய்வார்கள் என்று இருக்க வேண்டும். சட்டம் விசாரணைக்குத் தந்திருப்பது 90 நாட்கள். முடிவு என்ன ஆனது என்பதை, அடையாளம் காட்டாமல், அதே மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும். இவற்றில் மூன்று நடைமுறையில் இருக்கின்றன. இரண்டுக்கு இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

செயப்பாட்டுவினைப் பாடம் வரும்போது, என் பழைய ஐந்து வரிகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன். யார் எழுதியது என்றும் சொல்லிவிடுகிறேன். அவற்றைச் செய்வினையாக மாற்றச் சொல்வதுதான் பயிற்சி. போன ஆண்டு கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுதிக் கொடுத்த தாளை வைத்திருக்கிறேன். அதில் இப்படி இருந்தது:

“எங்கள் மாணவி ஒருவர் எங்கள் ஆசிரியர் ஒருவர்மீது புகார் கொடுத்திருக்கிறார். நாங்கள் அதை நான்கு நாட்கள் கவனிக்காமல் இருந்தோம். அது எங்கள் தவறு. இன்றுமுதல் எங்கள் குழு விசாரிக்கிறது. 90 நாட்களுக்குள் முடிப்போம். அதுவரை அந்த ஆசிரியர் வகுப்பெடுக்க மாட்டார். அந்த மாணவியும் அவருடைய தோழிகளும் எங்கள் பிள்ளைகள். அவர்களை யாரும் தொந்தரவு செய்தால் என்னிடம் சொல்லுங்கள். முதல்வர்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன்.